பொங்குமாங்கடலும் கப்பல்தள விமானமும்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு நோக்கிச் செல்லும் வழியில் செங்கோட்டைக்கு மேற்கே சற்றுத் தாழ்ந்து வழிவிடும் இடத்தில் ஆரியங்காவுக் கணவாய் அமைந்திருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அரபிக்கடலிலிருந்து எழும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாகக் கிழக்கே பாய்ந்து, குற்றாலத்தில் சாரலாகவும், தென்காசித் தெருக்களில் குளிர்காற்றாகவும், சுரண்டை, ஆலங்குளம் பக்கத்து வெட்டவெளிகளில் காற்றாலைகளைச் சுழற்றும் விசையாகவும் உருமாறுகிறது. 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசிக்கு அருவியையும் கோயிலையும் நாடி வருவோரே மிகுதி. எனினும், கடலில் மிதக்கும் தளத்திலிருந்து எழும்பி அத்தளத்திலேயே மறுபடியும் வந்திறங்கும் கடற்படை விமானங்களின் உடற்கட்டு எத்தகைய பொருள்களால் ஆனது, அவை எதனால் கெடுகின்றன, கெட்டவற்றை எவ்வாறு மீட்கின்றனர் என்ற கேள்விகளோடு வரும் பயணிக்கும் இம்மலையடிவாரம் கற்றுத்தர வல்லது. கடல் இங்கிருந்து கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்தாலும், கடல்மேல் பறக்கும் விமானத்தின் பொறியாளர் அஞ்சும் காற்றும் ஈரமும் இங்கே வீட்டுக்கு வீடு பழக்கப்பட்டவை.

கிழக்கிலிருந்து தென்காசியை நெருங்கும் சாலையில் முதலில் கண்ணில் படுபவை காற்றாலைகளே. தொலைவிலிருந்து மெல்லச் சுழல்வதாகத் தோன்றும் பெரிய காற்றாலை இறக்கையின் நுனி உண்மையில் நொடிக்கு ஏறத்தாழ 80 மீட்டர், அதாவது மணிக்கு 290 கிலோமீட்டர் அளவுக்கு விரைகிறது. அந்த இறக்கை உலோகத்தால் செய்யப்பட்டதன்று. கண்ணாடியை உருக்கி முடியினும் மெல்லிய இழையாக இழுத்து, அவ்விழைகளைத் துணிபோல் பரப்பி, பிசின் ஊற்றி இறுக வைத்துச் செய்யும் கூட்டுப்பொருளால் ஆனது அது. இழை இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் இழைகளை இடம் பெயராமல் பிடித்து வைத்து, ஓர் இழையின் சுமையை அடுத்த இழைக்குக் கைமாற்றுகிறது. இறக்கையின் பெரும்பரப்பில் இரு மெல்லிய தோல்களுக்கு நடுவே இலேசான பால்சா மரமோ நுரைப்பொருளோ வைக்கப்படுவதால், எடை கூடாமலே வளையாத்தன்மை பெருகுகிறது. கண்ணாடி இழைக்குப் பதிலாகக் கரி இழையையும், நுரைக்குப் பதிலாகத் தேன்கூட்டின் அறுகோண அறைகளைப் போன்ற உள்ளடுக்கையும் வைத்துப் பார்த்தால், போர்விமானத்தின் உடற்கட்டுக்கு மிக அருகில் வந்துவிடலாம். சாரல் காலத்தில் அந்த வேகத்தில் மழைத்துளியை எதிர்கொள்ளும் இறக்கை விளிம்பு கொஞ்சங் கொஞ்சமாகப் பொரிந்து தேய்வதும், மழைக்குள் பறக்கும் விமானத்தின் மூக்கும் இறக்கை விளிம்பும் தேய்வதும் ஒரே காரணத்தால்தான்.

இவ்வகைக் கூட்டுப்பொருளைப் போர்விமானத்தின் முதன்மை உறுப்பில் துணிந்து பயன்படுத்தியதில் கடற்படை விமானங்கள் முன்னோடியாக இருந்தன. 1970 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 விமானத்தின் வால் கிடைத்தளத்துக்குப் போரான் இழையும் எபாக்சிப் பிசினும் கலந்த தோல் பொருத்தப்பட்டது. அதன்பின் வந்த ஏவி-8பி ஹாரியரில் உடற்கட்டின் எடையில் ஏறத்தாழ 26 விழுக்காடு கரி இழைக் கூட்டுப்பொருளாயிற்று. இந்தியாவின் தேஜஸ் விமானத்தில் அந்தப் பங்கு 45 விழுக்காடு. பெங்களூரில் வானூர்தி மேம்பாட்டு முகமை வடிவமைத்த அவ்விமானத்தின் செங்குத்து வாலையும் சுக்கானையும் கரி இழையில் உருவாக்கித் தந்தது 1959-இல் தோன்றிய தேசிய வான்வெளி ஆய்வகம். பிசின் தோய்ந்த கரி இழைத் தாள்களைக் கணக்கிட்ட கோணங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, அழுத்தமும் வெப்பமும் ஒருசேரத் தரும் ஆட்டோகிளேவ் என்னும் பெரிய கலனுக்குள் வைத்து வேகவைக்கும்போது, தோலும் அதைத் தாங்கும் விலா எலும்புகளும் ஒரே துண்டாக இறுகிவிடுகின்றன. ஆயிரக்கணக்கான திருகாணித் துளைகள் இதனால் இல்லாமற் போகின்றன. எடைக்குறைப்பைவிட இதுவே கடற்படைக்குப் பெரிய ஆதாயம் என்று கருத இடமுண்டு. ஏனெனில் ஒவ்வொரு துளையும் உப்புநீர் உள்ளே புகும் வாசல்.

தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் குற்றாலம் வந்துவிடுகிறது. கடைவீதி கடந்து குற்றாலநாதர் கோயிலருகே திரும்பினால் பேரருவி. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் அந்த நீர் நேரடியாக மனிதர் தலையில் விழுவதில்லை என்பதே இவ்வருவியின் சிறப்பு. மலைமேலிருந்து பாயும் சிற்றாறு முதலில் பாறையிலேயே குடைந்துபோன ஆழமான ஒரு பள்ளத்தில் விழுகிறது. அங்கே சுழன்று, குமுறி, நுரைத்து, தன் வேகத்தின் பெரும்பகுதியைத் தண்ணீரோடு தண்ணீராக மோதித் தீர்த்துக்கொண்ட பின்னரே விளிம்பு வழிந்து கீழே படர்கிறது. அந்தப் பள்ளத்துக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் பொங்குமாங்கடல். அது இல்லையானால் முழு உயரத்திலிருந்து விழும் நீரின் அடியைத் தாங்கிக் கொண்டு எவரும் அருவிக்கடியில் நிற்க முடியாது. பேரருவி நீராடும் இடமாக இல்லாமல், எட்ட நின்று பார்க்கும் இடமாக மட்டுமே இருந்திருக்கும். மலைக்குள் கடல் என்று பெயரிட்டவர்கள் நீரின் ஆழத்தை மட்டும் எண்ணி அப்பெயரை வைக்கவில்லை, அது பொங்குவதையும் சேர்த்தே சொன்னார்கள் என்பது கவனிக்கத்தக்கது. விசை அடங்குவது பொங்குவதால்தான்.

கப்பல்தள விமானத்தின் முதற்சிக்கலும் இதுவே. நிலத்து ஓடுபாதையில் இறங்கும் விமானம் கடைசி நொடிகளில் மூக்கை உயர்த்தி மெல்லத் தரையைத் தொட இயலும். அதன் சக்கரத் தொகுதி நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் கீழிறங்கு வேகத்தைத் தாங்கினால் போதும் என்று வடிவமைப்பாளர் கணக்கிடுவர். விமானந்தாங்கிக் கப்பலிலோ ஓடுபாதை ஓரிரு நூறு மீட்டரே. அதுவும் ஏறி இறங்கி அசைகிறது. குறுக்கே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளில் ஒன்றை விமானத்தின் வாற்பகுதியிலுள்ள கொக்கி பிடித்தே ஆக வேண்டும். ஆதலால் விமானி மூக்கை உயர்த்தி மெதுவாக்காமல், வந்த சரிவிலேயே தளத்தில் மோதி இறங்குகிறார். அப்போது கீழிறங்கு வேகம் நொடிக்கு 7 மீட்டர் வரை போகலாம் என்று கொண்டே வடிவமைக்க வேண்டியிருக்கிறது. வேகம் இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல் என்றாலும், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதால், உறிஞ்ச வேண்டிய ஆற்றல் ஐந்து மடங்கைத் தாண்டுகிறது. வேறுவகையில் சொன்னால், நிலத்து விமானம் முழங்கால் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பான அடியைத் தாங்கினால், கப்பல்தள விமானம் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது வீட்டு வாசல்நிலைக்கும் மேலிருந்து விழுவதற்கு ஒப்பான அடியை ஒவ்வொரு முறையும் தாங்க அணியமாக இருக்க வேண்டும்.

அந்த ஆற்றலை வாங்கிக் கொள்வது சக்கரக்காலுக்குள் இருக்கும் ஒரு சிறிய பொங்குமாங்கடல்தான். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரு எஃகு உருளைகளுக்குள் எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் அடைக்கப்பட்டிருக்கின்றன. சக்கரம் தளத்தில் மோதியதும் உள்ளுருளை மேலேறி எண்ணெயை ஒரு சிறு துளை வழியாகப் பிதுக்குகிறது. வாயு அமுங்கி வில்போல் தாங்குகிறது. துளை வழியே சீறும் எண்ணெய் சுழன்று குமுறிச் சூடாகி மோதலின் ஆற்றலை வெப்பமாக்கி விடுகிறது. வில் மட்டும் இருந்தால் விமானம் பந்துபோல் துள்ளியெழும். எண்ணெய் மட்டும் இருந்தால் மறு இறக்கத்துக்குக் கால் நீளாது. இவ்வுருளைகளுக்கு உகந்தது மிக உயர்வலிமை எஃகு. ஆனால் எஃகு வலுக்கும்தோறும் ஒரு நோய்க்கும் இலக்காகிறது: துருவின்போதோ முலாம் பூசும்போதோ தோன்றும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகின் படிகங்களுக்கிடையே புகுந்து, வளைய வேண்டிய உலோகத்தைக் கண்ணாடிபோல் உடைய வைக்கின்றன. முலாம் பூசியபின் உறுப்பை உலையிலிட்டு நெடுநேரம் சுட்டு அந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவதும், இந்நோய்க்கு எளிதில் ஆட்படாத எஃகு வகைகளைத் தேடுவதும் கடற்படை உலோகவியலின் நெடுநாள் வேலை.

தேஜஸின் கடற்படை வடிவம் இப்பாதையில்தான் நடந்தது. அதன் முதல் மாதிரி 2012 ஏப்ரல் 27-இல் பறந்தது. கோவாவில் கப்பலின் முன்முனையைப் போல் மேல்நோக்கி வளைத்துக் கட்டிய தரைத்தளத்திலிருந்து 2014 டிசம்பரில் எழும்பியது. 2019 செப்டம்பரில் அதே இடத்தில் கம்பியைப் பிடித்து நின்றது. 2020 ஜனவரி 11-இல் விக்கிரமாதித்யா கப்பலில் கொமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் அதை இறக்கினார். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் ஏறத்தாழ 90 மீட்டருக்குள் நிற்க வேண்டுமாயின், அதன் எடையைப் போல் இரண்டரை மடங்கு விசை கொக்கியின் வழியாக உடலை ஊடுருவிச் செல்லும். கப்பலும் அதே திசையில் முன்னோக்கிச் செல்வதால் இது சற்றுக் குறையும். அந்த விசை செல்லும் பாதை நெடுகிலும் உடற்கட்டு தடிக்கிறது, சக்கரக்காலும் அதைத் தாங்கும் சட்டங்களும் தடிக்கின்றன, எடை ஏறுகிறது. ஒற்றை எஞ்சினுக்கு அந்த எடை மிகுதி என்று 2016 டிசம்பரில் கடற்படைத் தளபதி சுனில் லாம்பா வெளிப்படையாகக் கூறினார். பின்னர் இரட்டை எஞ்சின் கொண்ட புதிய கப்பல்தளப் போர்விமானத்தின் வடிவமைப்பு தொடங்கியது. கொச்சியில் கட்டப்பட்ட புதிய விக்கிராந்த் கப்பலிலும் 2023 பிப்ரவரி 6-இல் அதே தேஜஸ் இறங்கியது. இம்முயற்சியைத் தோல்வி என்று ஒரு சொல்லில் எழுதிவிடுவது நியாயமாகாது. கப்பல்தளத்தில் இறங்கத்தக்க போர்விமானத்தைத் தாமே படைத்த நாடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. தளத்தில் மோதும்போது ஒவ்வொரு சட்டத்திலும் எவ்வளவு விசை ஓடுகிறது என்பதை அளந்து எடுத்த கணக்கு, எந்த நாடும் இன்னொரு நாட்டுக்கு விலைக்கு விற்காத செல்வம்.

பேரருவியிலிருந்து ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில் வெயிலும் சாரலும் மாறிமாறி வருகின்றன. சீசன் நாட்களில் இங்கே துணி காய்வதில்லை. மரக்கதவுகள் ஊறிப் புடைத்துச் சட்டத்தில் சிக்குகின்றன. அப்பளம் எடுத்து வைத்த சிறிது நேரத்தில் நமத்துப் போகிறது. கல்போல் இறுகியதாகத் தோன்றும் எபாக்சிப் பிசினும் இப்படியே நமக்கக்கூடியது. ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்றில் கிடக்கும் கரி இழைக் கூட்டுப்பொருள் தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நீரை உறிஞ்சுகிறது. அந்த நீர் பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றைத் தளர்த்துவதால், பிசின் இளகத் தொடங்கும் வெப்பநிலை தாழ்ந்து விடுகிறது. கரி இழை இதனால் கெடுவதில்லை. ஆனால் அமுக்குவிசையின்கீழ் மெல்லிய இழைகளை நெளிந்து போகாமல் பிடித்து வைப்பது பிசின்தான் ஆகையால், ஈரமும் வெப்பமும் சேரும்போது அமுக்கு வலிமை குறைகிறது. ஆகவேதான் கடற்படை விமானத்துக்குரிய எந்தக் கூட்டுப்பொருளையும் உலர்ந்த நிலையில் மட்டும் சோதித்து ஏற்பதில்லை. ஈரம் நிறைந்த அறையில் நாட்கணக்கில் ஊறவைத்து, சூடாக்கி, அதன்பின் நசுக்கிப் பார்த்து, அந்தக் குறைந்த அளவையே வடிவமைப்புக்கு உரிய வலிமையாகக் கொள்கின்றனர்.

இப்பாடத்தை வானூர்தித் துறை உயிர்ப்பலி கொடுத்தே கற்றது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் மொஸ்கிட்டோ விமானம் பால்சா மரத்தை நடுவே வைத்து இருபுறமும் ஒட்டுப்பலகை ஒட்டிய அடுக்குக்கட்டால் ஆனது. இன்றைய அடுக்குக் கட்டமைப்புகளுக்கு அது ஒரு மூதாதை. 1944 மார்ச் 25-இல் எரிக் பிரவுன் அவ்வகை விமானம் ஒன்றை இன்டிஃபாட்டிகபிள் கப்பலில் இறக்கி, இரட்டை எஞ்சின் விமானமும் கப்பல்தளத்தில் இறங்கும் என்று காட்டினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலும் பர்மா முனையிலும் பணியாற்றிய மொஸ்கிட்டோக்களில் சில வானிலேயே இறக்கை முறிந்து வீழ்ந்ததால், நவம்பரில் அவை பறப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. வெயிலிலும் மழையிலும் மரம் ஊதிச் சுருங்கியதும், பசை இணைப்புகளில் தொழிற்சாலையிலேயே நேர்ந்திருந்த குறைகளும் காரணமாகப் பேசப்பட்டன. பாலின் கேசினிலிருந்து எடுத்த பசை கைவிடப்பட்டு, ஈரத்துக்கு அசையாத செயற்கைப் பிசின் அதன் இடத்தைப் பிடித்தது. பசையில்தான் பலவீனம் இருக்கிறது என்ற அந்த ஐயம், மரம் போய்க் கரி இழை வந்தபின்னும் ஆய்வாளர்களை விட்டு அகலவில்லை.

அந்தப் போர்க்காலத்தில் தமிழ் மண்ணில் கடற்படை விமானங்கள் நிறையவே நடமாடின என்பதை இன்று பலரும் மறந்துவிட்டனர். பிரிட்டிஷ் கடற்படை தன் விமான நிலையங்களுக்குப் பறவைகளின் பெயரை இடுவது வழக்கம். அவ்வழக்கப்படி தாம்பரத்தில் அமைந்த நிலையம் எச்.எம்.எஸ். வல்லூறு என்றும், சூலூரில் அமைந்தது எச்.எம்.எஸ். வைரி என்றும் தமிழ்ப் பெயர்களைத் தாங்கின; கோயம்புத்தூரில் 1942-இல் அமைந்த எச்.எம்.எஸ். கருடா பழுதுற்ற கடற்படை விமானங்களைச் செப்பனிடும் பணிமனையாக இயங்கியது. இலங்கையில் புத்தளத்திலிருந்த நிலையத்துக்குச் சிங்களத்தில் கழுகைக் குறிக்கும் ராஜாலியா என்று பெயர். அங்கே மழைச்சேற்றில் புதைந்த விமானங்களை யானைகள் இழுத்து வெளியேற்றிய காட்சி புகைப்படங்களாக எஞ்சியிருக்கிறது. விடுதலைக்குப் பின் இந்தியக் கடற்படையின் ஹன்சா நிலையம் 1961 செப்டம்பர் 5-இல் சூலூரில்தான் தொடங்கப்பட்டது. கோவா இந்தியாவோடு சேர்ந்த பின்னரே அது தபோலிமுக்குப் பெயர்ந்தது. அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கிய ராஜாளியும், இராமநாதபுரம் உச்சிப்புளியில் 2009-இல் பெயர் பெற்ற பருந்தும் அந்தப் பறவை வரிசையை இன்றும் தொடர்கின்றன.

ஐந்தருவிச் சாலையோரத்தில் தேங்காயும் இளநீரும் விற்போர், காயைக் கையில் எடுத்ததும் விரல்முட்டியால் தட்டி ஓசை கேட்டுத் தரம் சொல்லி விடுகின்றனர். மண்பானை வாங்குவோரும் அவ்வாறே தட்டிப் பார்த்தே வாங்குவர். கூட்டுப்பொருளைச் சோதிக்கும் முறைகளில் மிகப் பழையதும் இன்றளவும் கைவிடப்படாததும் இதுவே. நாணயம் ஒன்றால் விமானத்தின் தோலை வரிசையாகத் தட்டிக்கொண்டே சென்றால், நன்றாக ஒட்டியிருக்கும் இடம் கணீரென்றும், அடுக்குப் பிரிந்த இடம் மங்கலாகவும் ஒலிக்கும். உலோகத் தகட்டில் கருவி தவறி விழுந்தால் பள்ளம் தெரியும். கரி இழைத் தோலில் விழுந்தால் மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளடுக்குகள் பிரிந்துவிடக் கூடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அக்காயம் எவ்வளவு பெரிதாயினும் விமானம் சுமையைத் தாங்கியாக வேண்டும் என்பது கூட்டுப்பொருள் வடிவமைப்பின் அடிப்படை விதிகளில் ஒன்று. சுருக்கமாகச் சொன்னால், தெரியாத காயம் எங்கோ இருக்கிறது என்று எண்ணியே கட்ட வேண்டும். தேன்கூட்டு அடுக்கில் இன்னொரு தொல்லை: ஓரத்து வெடிப்பு வழியே புகும் நீர் அறை அறையாகப் பரவி, அலுமினிய அறைச்சுவர்களை அரித்து, தோலோடு உள்ள ஒட்டைக் கெடுக்கிறது. எஃப்-18 வகை விமானங்களின் சுக்கான்கள் இவ்வாறு உள்ளே நீர் கோத்துச் சிதைந்ததைக் கனடாவின் விமானப்படை தன் அனுபவத்தில் கண்டது. இப்போது மீயொலி அலைகளைச் செலுத்தி உட்காயத்தைப் படம் பிடிக்கின்றனர். ஆயினும் நடுக்கடலில் கப்பலின் கீழ்த்தளத்தில் முதலில் தட்டிப் பார்ப்பது பழகிய கையே.

செங்கோட்டை நிலையத்திலிருந்து மேற்கே ஏறும் தண்டவாளம் 1904-இல் திறக்கப்பட்டது. குகைகளும், கழுதுருட்டியை அடுத்த பதின்மூன்று கண் பாலமும் கடந்து புனலூர் வழியாகக் கொல்லம் சேரும் அப்பாதை 2018-இல் முழுமையும் அகலப்பாதை ஆனது. அதன் மறுமுனையில் கொல்லத்துக்கு வடக்கே சவறை என்னும் கடற்கரையூரில்தான் இந்தியாவின் டைட்டானியம் பஞ்சு ஆலை இருக்கிறது. கடற்கரையில் கருமணலாகக் கிடக்கும் இல்மனைட்டைக் குளோரினோடு சேர்த்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்னும் திரவமாக்கி, காற்றுப் புகாத கலனில் ஆர்கான் வாயுச் சூழலில் உருகிய மக்னீசியத்தோடு வினைபுரிய வைத்தால், குளோரின் மக்னீசியத்தோடு சேர்ந்துகொள்ள, டைட்டானியம் துளைகள் நிறைந்த பஞ்சுபோல் எஞ்சுகிறது. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் வகுத்த முறையில், ஆண்டுக்கு 500 டன் ஆற்றலோடு இவ்வாலை 2011-இல் தொடங்கப்பட்டது. இக்கரையின் மணலுக்குள் இருந்த செல்வம் உலகுக்குத் தெரிய வந்ததும் ஓர் இழையின் வழியாகத்தான்: திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் 1909-இல் மோனசைட்டைக் கண்டறிந்தார், அத்தடம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு இட்டுச் சென்றது.

கடற்படை விமானத்துக்கு டைட்டானியம் இன்றியமையாததானது அதன் வலிமையால் மட்டுமன்று. கரி இழை மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத்தோடு நேரடியாகத் தொட்டு, நடுவே உப்புநீரும் சேர்ந்தால், இரண்டும் மின்கலத்தின் இரு தகடுகளாகிவிடுகின்றன. அம்மின்கலத்தில் கரைந்து தேய்வது அலுமினியமே. இலேசான பொருள்கள் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிய விமானம் இவ்வாறு தன் மூட்டுகளில் தானே கரையத் தொடங்கும். இதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவே கண்ணாடி இழையால் ஓர் அடுக்கு விரிக்கின்றனர். கரியோடு பகைக்காத டைட்டானியத்தால் திருகாணிகளைச் செய்கின்றனர். துளையைச் சுற்றி ஈரம் புகாத களிம்பு பூசுகின்றனர்.

குற்றாலத்துச் சாரலில் ஈரம் உண்டு, உப்பு இல்லை. ஆகவே கடலின் தீங்கில் பாதியைத்தான் இம்மலை காட்ட முடியும். மறுபாதிக்குக் கிழக்கே போக வேண்டும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1953 ஜனவரி 14-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்கள் கடற்காற்றில் அரிக்கப்படுவதை மண்டபத்தில் அமைத்த நிலையத்தில் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. பூச்சுப் பூசியதும் பூசாததுமான தகடுகளைச் சாய்வான சட்டங்களில் பொருத்தி, மாதங்களும் ஆண்டுகளும் உப்புக்காற்றில் விட்டு, இழந்த எடையை நிறுத்துப் பார்ப்பது அவ்வாராய்ச்சியின் அடிப்படை முறை. விரைவில் முடிவு காட்டும் உப்புத்தூவல் பெட்டிகள் இன்று எங்கும் உண்டு. ஆயினும் வெயில், இரவுப்பனி, மணல், உப்பு ஆகியவை இயற்கையில் மாறிமாறி வரும் வரிசையைப் பெட்டிக்குள் அப்படியே கொண்டுவர இயலாததால், காத்திருந்து பெறும் கணக்குக்கு ஈடில்லை. அந்தக் கடற்கரைக்கு அருகில்தான் பருந்து நிலையம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் வேண்டியிருந்ததும் அதே காற்றால்தான்.

மாலையில் தென்காசிக்குத் திரும்பும் பயணியைக் காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் தொலைவிலிருந்தே வரவேற்கிறது. சாரல் காலத்தில் கோபுர வாசலுக்குள் நுழைவோரை மேல்காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. உள்ளே, தூணும் சிற்பமுமாக ஒரே கல்லில் செதுக்கிய வீரபத்திரரும், இரதியும், மன்மதனும் மண்டபத்தில் நிற்கின்றனர். தூணைத் தனியே செய்து உருவத்தைப் பின்னர் ஒட்டாமல் ஒன்றாகவே வடித்ததால், விரிசல் விடுவதற்கு அங்கே மூட்டு இல்லை. சிற்பிகள் கல்லைத் தேர்ந்ததும் உளியால் தட்டி, அதன் ஓசை கேட்டுத்தான்.

15-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன் பொறித்து வைத்த ஒரு வேண்டுகோள் உலகின் கட்டடக்கலை வரலாற்றிலேயே அரியது. தான் கட்டியதற்கு என்றேனும் எதிர்பாராத குறை ஒன்று நேருமானால், அப்போது முன்வந்து அதைச் சீர்செய்து காப்பவர் எவராயினும், அவரை உலகறிய இப்போதே வணங்குவதாக அம்மன்னன் சொல்லியிருக்கிறான். கட்டி முடித்த பெருமிதத்தில் நிற்கும் ஒருவன், தன் படைப்பும் பழுதாகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, முகமறியாத பழுதுபார்ப்பவரின் காலில் விழுவது எளிய செயலன்று. கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றது. மக்கள் திரண்டு ஏறத்தாழ 180 அடி உயரத்துக்கு அதை மறுபடியும் எழுப்ப, 1990-இல் குடமுழுக்கு நடந்தது. விமானத்தை வடிவமைத்தவரின் பெயரும் அதை முதன்முதலில் இறக்கிய விமானியின் பெயரும் நூல்களில் ஏறுகின்றன. அன்று கோயம்புத்தூர்ப் பணிமனையில் முறிந்த இறக்கைகளைச் சேர்த்தவர்களும், இன்று அரக்கோணத்தில் நன்னீரால் விமானத்தின் உப்பைக் கழுவித் திருகாணி திருகாணியாகத் துரு தேடுபவர்களும் அப்படி ஏறவில்லை. பாண்டியனின் வணக்கத்துக்கு அவர்களும் உரியவர்கள்.

கோயிலை விட்டுக் கிழக்கு நோக்கி வெளியே வருகையில், உள்ளே நுழையும்போது எதிர்த்த அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. இங்கிருந்து அது சுரண்டைப் பக்கம் போய் இறக்கைகளைச் சுழற்றும். ஐப்பசியில் அது ஓய்ந்தபின், அவ்விறக்கைகளின் தேய்ந்த விளிம்பைப் பிசின் பூசி மீட்பதற்காகப் பணியாட்கள் கயிறு கட்டித் தொங்குவார்கள்.